அன்ரனி வான் லீவன்ஹூக் (1632–1723)

மாணவர்களே! நுண்ணங்கிகளை முதன்முதலில் அவதானித்தவர் யார் எனக் கேட்டால் லீவன்ஹூக் என்று நீங்கள் அனைவரும் எழுதிவிடுவீர்கள். ஆனால் அவர் பல்கலைக்கழகம் எதிலும் பயிலாத ஒரு புடைவைக் கடைக்காரர் என்பதும், வில்லை செய்வது அவருக்குத் தொழிலன்று, ஓய்வுநேர வேலையே என்பதும் பலருக்குத் தெரியாது.

ஒல்லாந்து நாட்டின் டெல்வ்ற் நகரில் 1632 ஒக்ரோபர் 24 ஆம் திகதி அவர் பிறந்தார். டெல்வ்ற் என்ற பெயர் நமக்குப் புதியதன்று. நமது நெடுந்தீவுக்கு ஒல்லாந்தர் சூட்டியது இந்நகரின் பெயரையே. யாழ்ப்பாணக் கோட்டை 1658 இல் அவர்களது கைக்கு மாறியபோது லீவன்ஹூக்குக்கு வயது 25. அப்போது அவர் டெல்வ்ற் நகரில் துணி அளந்து விற்றுக்கொண்டிருந்தார்.

தந்தையார் கூடை முடைபவர். மகனுக்கு ஐந்து வயதானபோதே அவர் காலமானார். 16 வயதில் அம்ஸ்ரர்டாம் சென்று துணி வியாபாரம் பழகிய லீவன்ஹூக், 1654 இல் ஊர் திரும்பித் திருமணம் செய்து சொந்தக் கடை திறந்தார். துணியின் தரத்தை அறிய நூலிழைகளை உருப்பெருக்கும் கண்ணாடியால் பார்ப்பது அக்கால வியாபாரிகளின் வழக்கம். 1660 இல் நகர மண்டபத்தில் அலுவலர்களின் அறையைப் பராமரிக்கும் பதவியும் கிடைத்தது. அறையைத் திறந்து மூடுவதும், துப்புரவாக வைப்பதும், குளிர்காலத்தில் தீ மூட்டுவதுமே அதன் கடமைகள். நாம் சிறிதென நினைக்கும் இத்தகைய உத்தியோகமே அவருக்கு நிலையான வருமானம் தந்தது.

இங்கு ஒரு தவறைத் திருத்திக்கொள்க. நுணுக்குக்காட்டியை முதலில் அமைத்தவர் லீவன்ஹூக் அல்லர். அவருக்கு முன்னரே இரு வில்லைகள் கொண்ட கூட்டு நுணுக்குக்காட்டிகள் இருந்தன. இலண்டனில் றொபேட் ஹுக் அத்தகைய கருவியால் கண்டவற்றை 1665 இல் நூலாகவே வெளியிட்டார். ஆனால் அக்கருவிகளில் உருப்பெருக்கம் கூடக்கூட நிறங்கள் கலங்கி உருவம் மங்கியது. லீவன்ஹூக் வேறு வழியிற் சென்றார். ஒரேயொரு சின்னஞ்சிறு வில்லையைத் தாமே செய்து, இரண்டு பித்தளைத் தகடுகளுக்கிடையே பொருத்தினார். பார்க்கவேண்டிய பொருளை ஓர் ஊசிமுனையில் வைத்துத் திருகாணிகளால் முன்னும் பின்னும் நகர்த்தினார். கருவி முழுவதும் உள்ளங்கையில் அடங்கும். கண்ணோடு ஒட்டிப் பிடித்து வெளிச்சத்தை நோக்கிப் பார்க்கவேண்டும். எஞ்சியுள்ளவற்றுள் மிகச் சிறந்தது ஏறத்தாழ 270 மடங்கு பெருப்பித்துக் காட்டுகின்றது. இத்தகைய வில்லைகளை அவர் தமது வாழ்நாளில் 500 இற்கும் மேலாகச் செய்தார்.

1673 இல், அதே ஊரைச் சேர்ந்த வைத்தியர் டி கிராவ் இலண்டன் அரச கழகத்துக்கு அவரை அறிமுகம் செய்தார். லீவன்ஹூக்குக்கு அறிஞர் மொழியாகிய இலத்தீன் தெரியாது. கடையில் பேசிய ஒல்லாந்த மொழியிலேயே கடிதங்கள் எழுதினார். அங்கு அவற்றை மொழிபெயர்த்து வாசித்தார்கள். படம் வரையும் திறமை போதாதென உணர்ந்து, அதற்கு ஓவியர்களைக் கூலிக்கு அமர்த்தினார்.

மிளகு ஏன் உறைக்கின்றது என்ற கேள்வியும் அவரை விடவில்லை. மிளகின் மேற்பரப்பில் நுண்ணிய முட்கள் இருக்கலாம், அவையே நாக்கைக் குத்துகின்றன என எண்ணி, மிளகை நீரில் ஊறவைத்துச் சில வாரங்களின் பின் பார்த்தார். முள் எதுவும் இல்லை. ஆனால் நீரில் எண்ணிலடங்காச் சிற்றுயிர்கள் நீந்தின. அவற்றுள் மிகச் சிறியவை இன்று நாம் பற்றீரியா என்பவையே. நினைத்த விடை பிழைத்ததால் கிடைத்த கண்டுபிடிப்பு இது.

1676 ஒக்ரோபர் 9 ஆம் திகதியிட்ட நீண்ட கடிதத்தில் இதனை அறிவித்தார். அரச கழகத்தில் பலர் நம்பவில்லை. ஒரு துளி நீரில் இத்தனை உயிர்கள் இருப்பதாக ஒரு கடைக்காரர் சொன்னால் எவர்தாம் நம்புவர்? லீவன்ஹூக் மதகுருமார் உட்பட எட்டுப் பேரை வருவித்துத் தமது கருவியினூடாகப் பார்க்கச் செய்து, அவர்களது எழுத்துமூலச் சான்றுகளை அனுப்பினார். முடிவில் றொபேட் ஹுக்கே மிளகு நீரைத் தயாரித்துப் பார்த்தார். முதல் முயற்சிகளில் எதுவும் தென்படவில்லை. 1677 நவம்பர் 15 ஆம் திகதி உறுப்பினர்கள் அச்சிற்றுயிர்களைத் தம் கண்ணாலேயே கண்டனர். 1680 இல் லீவன்ஹூக் கழகத்தின் உறுப்பினராகத் தெரிவுசெய்யப்பட்டார். ஆயினும் அதன் கூட்டம் ஒன்றுக்கேனும் அவர் சென்றதில்லை.

1683 இல் தமது பல்லிடுக்கின் அழுக்கைச் சுரண்டி எடுத்து, அதிலும் பற்றீரியாக்களைக் கண்டார். 1698 இல் ரூசியப் பேரரசர் பீற்றர் அவரது கருவியைப் பார்வையிட்டார். எனினும் இவ்வுயிர்கள் நோயை உண்டாக்கும் என அவர் கூறவில்லை என்பதை நினைவிற் கொள்க. அது 19 ஆம் நூற்றாண்டில் நிறுவப்பட்டது.

அவரிடம் ஒரு குறை உண்டு. என் நோக்கில் அது பெரிய குறைதான். வில்லை செய்யும் முறையை அவர் எவருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. வந்தவர்களுக்குச் சாதாரண கருவிகளைக் காட்டிவிட்டு, சிறந்தவற்றைத் தமக்கென ஒதுக்கி வைத்துக்கொண்டார். 1723 ஓகஸ்ற் 26 ஆம் திகதி, 91 வயது நிறைய இரு மாதங்கள் இருக்கையில் காலமானபோது இரகசியமும் அவரோடு போயிற்று. அவரது விருப்பப்படி மகள் மரியா அரச கழகத்துக்கு அனுப்பிய 26 வெள்ளி நுணுக்குக்காட்டிகளும் 19 ஆம் நூற்றாண்டில் காணாமற் போயின. பற்றீரியா பற்றிய ஆய்வு ஒரு நூற்றாண்டுக்கு மேலாக முன்னேறாமற் கிடந்ததற்கு இந்த மறைப்பும் ஒரு காரணம் எனலாம்.

2021 இல் ஒல்லாந்த ஆய்வாளர்கள், எஞ்சியுள்ள கருவிகளுள் மிகச் சிறந்த அந்த 270 மடங்குக் கருவியைப் பிரிக்காமலே, நியூத்திரன் கற்றையைச் செலுத்தி உள்ளே பார்த்தனர். அதிலிருந்தது தீயில் உருக்கி எடுத்த ஒரு சிறு கண்ணாடி மணி. அப்படி உருக்கும் முறையோ றொபேட் ஹுக்கின் 1665 ஆம் ஆண்டு நூலின் முன்னுரையில் எல்லோரும் வாசிக்கக்கூடியதாக அச்சிடப்பட்டிருந்தது.