தொகுதி எல்லைக்குப் பெயர் கொடுத்தவர்: எல்பிரிட்ஜ் கெரியின் வாழ்வு உணர்த்தும் பாடம்

தேர்தல் முறைமை பற்றிய விவாதம் உலகில் எங்கு எழுந்தாலும் 'ஜெரிமண்டரிங்' என்ற சொல் அங்கு தவறாது ஒலிக்கின்றது. அதிகாரத்தில் இருப்போர் தமது வெற்றிக்கு வாய்ப்பாகத் தொகுதிகளின் எல்லைகளை வளைத்தும் நெளித்தும் வரைந்துகொள்வதையே அச்சொல் குறிக்கின்றது. ஆனால், அச்சொல்லின் முற்பகுதி ஒரு மனிதரின் பெயர் என்பதைப் பலரும் அறிந்திருப்பதில்லை. எல்பிரிட்ஜ் கெரி என்ற அந்த மனிதர் அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் கையொப்பமிட்டவர்களுள் ஒருவர். மக்களின் உரிமைகளுக்கு உத்தரவாதம் இல்லாத அரசியலமைப்பு எனக் கூறி அதில் கையொப்பமிட மறுத்தவர். அந்நாட்டின் உப ஜனாதிபதியாகவும் இருந்தவர். இத்தனைக்கும் பின்னர், 1812ஆம் ஆண்டில் ஒரு மாநிலச் சட்டமூலத்திற்கு அவர் இட்ட ஒரேயொரு கையொப்பமே அவரது பெயருடன் நிலைத்துவிட்டது. இது எவ்வாறு நேர்ந்தது என்பதை நாம் அறிந்துகொள்வது பயனுடையதாகும்.

மசாசுசெற்ஸ் மாநிலத்தின் கடற்கரைப் பட்டினமான மார்பிள்ஹெட்டில் 1744ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் திகதி கெரி பிறந்தார். தந்தையார் வணிகர். உலர்த்திய மீனை வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்வதே குடும்பத்தின் தொழிலாக இருந்தது. ஹாவார்ட் கல்லூரியில் 1762ஆம் ஆண்டு பட்டம் பெற்ற கெரி, குடும்ப வணிகத்தில் ஈடுபட்டார். பிரித்தானியா விதித்த வரிகளும் வர்த்தகக் கட்டுப்பாடுகளும் துறைமுகப் பட்டினங்களைக் கொதிப்படையச் செய்திருந்த காலம் அது. சாமுவேல் அடம்ஸின் நட்பு அவரை அரசியலுக்கு அழைத்து வந்தது. 1772ஆம் ஆண்டு மாநிலச் சட்டசபைக்குத் தெரிவான அவர், போர் மூண்டபோது படைகளுக்கான உணவையும் ஆயுதங்களையும் திரட்டும் பணியில் முன்னின்றார். 1775ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், லெக்சிங்டனில் முதல் வெடி கேட்பதற்கு முந்திய இரவில், பிரித்தானியப் படையினர் அவர் தங்கியிருந்த விடுதியை நெருங்கினர். உறங்கிய உடையுடனேயே வயலுக்குள் ஓடி ஒளிந்து அவர் உயிர் தப்பினார்.

1787ஆம் ஆண்டு பிலடெல்பியாவில் கூடிய அரசியலமைப்பு மாநாடே அவரது வாழ்வின் மிக முக்கியமான கட்டம் எனலாம். சனத்தொகைக்கு ஏற்பப் பிரதிநிதித்துவம் வேண்டுமெனப் பெரிய மாநிலங்களும், எல்லா மாநிலங்களுக்கும் சமமான பிரதிநிதித்துவம் வேண்டுமெனச் சிறிய மாநிலங்களும் பிடிவாதமாக நின்றன. மாநாடு முறிந்துவிடும் நிலை தோன்றியபோது, இணக்கம் காண்பதற்கென ஒரு குழு நியமிக்கப்பட்டது. அதற்குத் தலைமை தாங்கியவர் கெரியே. பிரதிநிதிகள் சபையில் சனத்தொகை விகிதம், செனற் சபையில் சமத்துவம் என்ற தீர்வை அக்குழுவே முன்வைத்தது. எண்ணிக்கையில் சிறியவர்கள் பெரியவர்களால் விழுங்கப்படக்கூடாது என்ற அச்சத்திற்கு அமெரிக்க அரசியலமைப்பு அளித்த பதில் அதுவாகும். ஆயினும், அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களுக்கு அந்தச் சமரசத்தில் எந்தக் குரலும் இருக்கவில்லை என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

அதே மாநாட்டின் இறுதியில், அங்கு எஞ்சியிருந்தும் ஆவணத்தில் கையொப்பமிட மறுத்தோர் மூவர். ஜோர்ஜ் மேசன், எட்மண்ட் ராண்டோல்ப் ஆகியோருடன் மூன்றாமவராக நின்றார் கெரி. உரிமைச் சாசனம் ஒன்றைத் தயாரிப்பதற்குக் குழு அமைக்க வேண்டுமென அவர் கொண்டுவந்த பிரேரணையை மாநில அணிகள் அனைத்துமே நிராகரித்திருந்தன. அவர் அடுக்கிய ஆட்சேபங்களுள் ஒன்று இங்கு விசேடமாகக் கவனிக்கத்தக்கது. தேர்தல் நடைபெறும் இடங்களைத் தீர்மானிக்கும் அதிகாரம் தெரிவு செய்யப்பட்டவர்களின் கைகளிலேயே ஒப்படைக்கப்படுகின்றது என அவர் எச்சரித்தார். தனது மாநிலத்திற்கு உரிய பங்கு பிரதிநிதித்துவம் கிடைக்கவில்லை எனவும் முறையிட்டார். தெரிவாகிய பின்னர் தெரிவின் விதிகளையே தமக்கேற்ப மாற்றிக்கொள்ளும் ஆபத்தை அவர் அன்றே உணர்ந்திருந்தார் என்றே கொள்ள வேண்டும். அவர் கோரிய உரிமைச் சாசனம், பத்துத் திருத்தங்களாக 1791ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. அப்போது அவர் பிரதிநிதிகள் சபையின் அங்கத்தவராக இருந்தார்.

பின்னர் நாட்டின் அரசியல் இரு கட்சிகளாகப் பிளவுண்டது. வலுவான மத்திய அரசையும் பிரித்தானியாவுடனான நல்லுறவையும் நாடிய பெடரலிஸ்ட் கட்சி ஒருபுறம், தோமஸ் ஜெபர்சன், ஜேம்ஸ் மடிசன் ஆகியோரின் ஜனநாயகக் குடியரசுக் கட்சி மறுபுறம். 1797ஆம் ஆண்டு பிரான்சுக்கு அனுப்பப்பட்ட தூதுக்குழுவில் கெரியும் இடம்பெற்றார். பிரெஞ்சுத் தரப்பு இலஞ்சம் கேட்டதால் பேச்சுகள் முறிந்தன. ஏனைய இருவரும் வெளியேறிய பின்னரும், போரைத் தவிர்க்கும் நோக்கில் அவர் மட்டும் பாரிஸில் தங்கினார். இதற்காக பெடரலிஸ்டுகள் அவரைத் துரோகி எனத் தூற்றினர். எக்கட்சியையும் சாராதவராக இருக்க விரும்பிய அவர், இந்தக் கசப்புடனேயே ஜெபர்சனின் கட்சியைச் சேர்ந்தார். ஆளுநர் பதவிக்குப் பலமுறை போட்டியிட்டுத் தோற்று, 1810ஆம் ஆண்டு வெற்றி பெற்றார்.

முதலாம் ஆண்டில் அவர் நிதானமாகவே ஆட்சி செய்தார். 1811ஆம் ஆண்டு மீண்டும் தெரிவானபோது நிலைமை மாறியது. பிரித்தானியாவுடன் மீண்டும் போர் மூளும் அபாயம் நெருங்கிய வேளை அது. எதிர்க்கட்சியினர் அந்நியருக்குத் துணைபோகின்றனர் என்ற எண்ணம் அவரிடம் வேரூன்றியது. மாநிலப் பதவிகளிலிருந்து பெடரலிஸ்டுகள் அகற்றப்பட்டனர். எதிர்த்து எழுதிய பத்திரிகைகள் மீது அவதூறு வழக்குகளுக்கு வழி திறக்கப்பட்டது. எதிரணியை எதிரியாகக் கருதத் தொடங்கும் ஆட்சியாளர், எதையும் நியாயமெனக் கொள்ளத் தயாராகிவிடுவார் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

இந்தச் சூழலிலேயே மாநில செனற் சபைக்கான தொகுதிகளை மாற்றியமைக்கும் சட்டமூலத்தை அவரது கட்சி நிறைவேற்றியது. அதுவரை கவுண்டி எனப்படும் மாவட்டங்களின் எல்லைகளைப் பின்பற்றியே தொகுதிகள் அமைந்திருந்தன. புதிய சட்டம் அந்த வழக்கத்தை உடைத்தது. எசெக்ஸ் மாவட்டம் இரண்டாகக் கிழிக்கப்பட்டது. செல்சியில் தொடங்கி, கெரியின் சொந்த ஊரான மார்பிள்ஹெட்டையும் சேலத்தையும் அணைத்து, அன்டோவர், ஹேவர்ஹில் வழியாக மேலேறி, சோல்ஸ்பரியில் கடலைத் தொடும் ஒரு விசித்திரமான தொகுதி உருவானது. கெரி இச்சட்டமூலத்தை விரும்பவில்லை என அவரது மருமகன் பின்னர் எழுதினார். விரும்பாதிருக்கலாம். ஆனால், 1812ஆம் ஆண்டு பெப்ரவரி 11ஆம் திகதி அவர் அதில் கையொப்பமிட்டார்.

மார்ச் 26ஆம் திகதி வெளியான பொஸ்டன் கசெற் பத்திரிகை, அத்தொகுதியின் வரைபடத்திற்குச் சிறகும் நகமும் கோரப் பற்களும் பூட்டி ஒரு கேலிச்சித்திரத்தை வெளியிட்டது. பல்லி போன்ற உருவமுடைய சாலமண்டர் என்ற பிராணியின் பெயருடன் ஆளுநரின் பெயரை ஒட்டி, புதிய சொல்லொன்றையும் அது உலவவிட்டது. அடுத்து நடந்த தேர்தலில் பெடரலிஸ்ட் வேட்பாளர்கள் 51,766 வாக்குகளைப் பெற்றனர். கெரியின் கட்சி பெற்றவை 50,164 வாக்குகள். ஆயினும், மொத்தமிருந்த 40 ஆசனங்களில் குறைந்த வாக்குப் பெற்ற கட்சிக்கு 29 ஆசனங்களும், கூடிய வாக்குப் பெற்ற கட்சிக்கு 11 ஆசனங்களும் கிடைத்தன. முன்னர் ஐந்து பெடரலிஸ்டுகளை அனுப்பிய எசெக்ஸ் மாவட்டத்தில், அந்தப் புதிய தொகுதி மட்டும் கெரியின் கட்சியினர் மூவரைத் தெரிவு செய்தது.

இது எவ்வாறு சாத்தியமாகின்றது எனச் சிலர் வியக்கலாம். கணக்கு மிக எளிது. நூறு வாக்காளர்கள், ஐந்து தொகுதிகள், தொகுதிக்கு இருபது பேர் என வைத்துக்கொள்வோம். அறுபது பேர் ஓர் அணி. நாற்பது பேர் மறு அணி. பெரிய அணியின் முப்பத்தாறு பேரை இரண்டு தொகுதிகளுக்குள் பதினெட்டு பதினெட்டாக அடைத்துவிட்டால், எஞ்சிய இருபத்து நான்கு பேர் மற்றைய மூன்று தொகுதிகளிலும் எட்டு எட்டாகச் சிதறுவர். அம்மூன்றிலும் சிறிய அணி பன்னிரண்டு வாக்குகளுடன் வெல்லும். ஒருவரது வாக்கும் பறிக்கப்படவில்லை. ஒரு பெட்டியும் மாற்றப்படவில்லை. கோடு மட்டுமே மாறியது.

மாநிலம் முழுவதும் ஒரே தொகுதியாக அமையும் ஆளுநர் தேர்தலில் இந்தக் கோடுகள் கெரிக்குக் கைகொடுக்கவில்லை. அதே ஆண்டு அவர் பெடரலிஸ்ட் வேட்பாளரான கேலப் ஸ்ரோங்கிடம் தோற்றார். எனினும், ஜனாதிபதி மடிசனுடன் போட்டியிட்டு உப ஜனாதிபதியாகி, 1813ஆம் ஆண்டு பதவியேற்றார். 1814ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி வொஷிங்டனில், செனற் சபைக்குச் செல்லும் வழியில் அவர் உயிரிழந்தார். அப்போது குடும்பம் கடனில் மூழ்கியிருந்தது. பொதுவாழ்வில் பொருள் சேர்த்தவர் என அவரை எவரும் குற்றஞ்சாட்ட முடியாது.

தொகுதி எல்லையை வளைத்தவர்களுள் கெரி முதல்வரல்லர், இறுதியானவருமல்லர். 1957ஆம் ஆண்டு அலபாமா மாநிலச் சட்டசபை, டஸ்கீகி நகரின் சதுர எல்லையை 28 பக்கங்கள் கொண்ட உருவமாக மாற்றி, சுமார் 400 கறுப்பின வாக்காளர்களில் நால்வர் ஐவரைத் தவிர அனைவரையும் நகரத்துக்கு வெளியே தள்ளியது. 1960ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்தது. மாநிலச் சட்டசபைத் தொகுதிகள் சனத்தொகையில் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும் என 1964ஆம் ஆண்டு அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால், கட்சி நலனுக்காக எல்லை வளைக்கப்படுவதைச் சமஷ்டி நீதிமன்றங்கள் விசாரிக்க இயலாது என 2019ஆம் ஆண்டு அது கைவிரித்துவிட்டது. இதற்கு முன்பே, 2008ஆம் ஆண்டு கலிபோர்னியா மக்கள் தமது மாநிலச் சட்டசபைத் தொகுதிகளை வரையும் பொறுப்பைச் சட்டசபையிடமிருந்து எடுத்து, குடிமக்கள் ஆணைக்குழுவொன்றிடம் கொடுத்தனர்.

எல்லை நிர்ணயம் எமது நாட்டுத் தமிழ், முஸ்லிம் மக்களுக்கும் அந்நியமான விடயமல்ல. கோடு பிரிக்கவும் செய்யும். சேர்த்து வாழவும் வழி செய்யும். 1977ஆம் ஆண்டுத் தேர்தலில் இரட்டை அங்கத்தவர் தொகுதியாக அமைந்த பொத்துவில், முஸ்லிம் ஒருவரையும் தமிழர் ஒருவரையும் பாராளுமன்றத்திற்கு அனுப்பியது. மறுபுறத்தில், மாகாண சபைத் தொகுதிகளுக்கான எல்லை நிர்ணய அறிக்கை 2018ஆம் ஆண்டு பாராளுமன்றத்தில் ஒரு வாக்கேனும் ஆதரவாகக் கிடைக்காமல் தோற்றதும், அதனுடன் மாகாண சபைத் தேர்தல்களே முடங்கியதும் நாம் கண்டவையாகும்.

கெரி தீயவரல்லர். உரிமைகளுக்காகத் தனித்து நின்ற துணிவும், சிறியோருக்கும் இடமளிக்க இணக்கம் கண்ட பக்குவமும் அவரிடம் இருந்தன. அத்தகையவரே தனது கட்சியின் வரைபடத்திற்கு ஒப்பமிட்டார் என்பதே நாம் கருத்திற் கொள்ள வேண்டியது. நல்லவர்கள் வரைவார்கள் என்ற நம்பிக்கை வாக்காளருக்குப் பாதுகாப்பாகாது. போட்டியிடுபவர்களின் கையில் பென்சில் இருக்கக்கூடாது என்ற விதியே பாதுகாப்பாகும். எல்லை நிர்ணயம் பற்றிய பேச்சு மீண்டும் எழும்போதெல்லாம், எத்தனை ஆசனங்கள் என்று கேட்பதற்கு முன்னர், வரைபவர் யார், எந்த விதியின் கீழ் வரைகின்றார் என்று இரு சமூகங்களும் சேர்ந்தே கேட்க வேண்டும்.