கல்லிலே பருவம் கண்டவர்

நவம்பர் 14 என்றதும் நம் எல்லோருக்கும் நேரு மாமாவும் அவர் சட்டையிலே சிரிக்கும் ரோஜாவும்தான் நினைவுக்கு வரும். அதே நவம்பர் 14-இல், நேருவுக்கு இரண்டு ஆண்டுகள் பின்னால், 1891-இல் பிறந்த மற்றொரு பெரியவரும் உண்டு. அவர்தாம் பேராசிரியர் பீர்பல் சாஹ்னி. பல கோடி ஆண்டுகளுக்கு முன்னே நம் நாட்டில் வெயில் எப்படி இருந்தது, மழை எப்படிப் பெய்தது என்பதைக் கல்லாய்ச் சமைந்த செடிகளிடம் கேட்டறிந்தவர் அவர்.

சாஹ்னி பிறந்த ஊர் பேரா. அது இன்று பாகிஸ்தானைச் சேர்ந்த பஞ்சாபில் உள்ளது. தந்தையார் ருசிராம் சாஹ்னி லாகூர் அரசுக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர். மகன் 1911-இல் இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜில் பேராசிரியர் சீவர்டு அவர்களிடம் தாவரப் புதைபடிவங்களைப் பற்றிக் கற்றார்.

மாணவராயிருந்தபோதே ஒரு சிறு விஷயம் அவர் கண்ணில் பட்டது. ஜிங்கோ என்னும் மரத்தின் சூலுக்குள் வேறொரு மரத்தின் மகரந்தம் புகுந்திருந்தது. காற்று அதைக் கொண்டுவந்து சேர்த்திருந்தது. அப்படியானால், கல்லாகிவிட்ட ஒரு சூலுக்குள் மகரந்தத்தைக் கண்டவுடன் இரண்டும் ஒரே செடியினுடையவை என்று முடிவு கட்டலாமா? கூடாது என்று 1915-இல் எழுதினார். சாட்சி எவ்வளவு பழையதானாலும் அதை விசாரித்தே நம்ப வேண்டும் என்னும் இந்தக் கவனம் கடைசிவரை அவரை விட்டு நீங்கவில்லை.

1919-இல் தாயகம் திரும்பினார். 1921-இல் லக்னோ பல்கலைக்கழகத்தின் முதல் தாவரவியல் பேராசிரியரானார். அங்கிருந்துதான் அவருடைய பெரும் பணிகள் நடந்தன.

மத்தியப் பிரதேசத்தில் சிந்த்வாரா மாவட்டத்தில் மோகாவ் கலான் என்றொரு சிற்றூர். கடலுக்கும் அதற்கும் வெகு தூரம். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு பரவி உறைந்த பூமி அது. அக்குழம்பு அடுக்குகளின் இடையே நீப்பா என்னும் பனையின் காய் கல்லாகிக் கிடைத்தது. நீப்பா வளர்வது ஆறு கடலோடு கலக்கும் கழிமுகச் சேற்றில். வங்காளத்துச் சுந்தரவனத்தில் அதை இன்றும் காணலாம். அந்தக் காய்களை ஆராய்ந்த சாஹ்னி, அந்த வறண்ட நிலத்தை வெப்பமும் ஈரமும் நிறைந்த பழங்காலக் கழிமுகமாகக் கண்டார்.

காஷ்மீரமும் அவருக்கு ஒரு கதை சொன்னது. அங்கே கரேவா எனப்படும் பழைய ஏரிப் படிவுகள் உள்ளன. பீர்பஞ்சால் மலைச்சரிவில் சுமார் 10,000 அடி உயரத்திலும் அவற்றைக் காணலாம். குளிர் கடுமையான அந்தப் படிவுகளிலே, தாழ்ந்த, வெதுவெதுப்பான இடங்களில் வளரும் தாவரங்களின் இலைகள் பதிந்திருந்தன. செடிகள் மலையேறிப் போகவில்லை. மலைதான் செடிகளைச் சுமந்துகொண்டு எழும்பியது என்று 1936-இல் சாஹ்னி எடுத்துரைத்தார். அதுவும் மனிதன் தோன்றிய பின்னர் எழும்பியது என்றார். மலை உயர்ந்தால் மழைக்காற்று தடைப்படும். பள்ளத்தாக்கின் பருவமே மாறிவிடும். அதே ஆண்டு இலண்டன் ராயல் சங்கம் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றுச் சிறப்பித்தது.

இன்று விஞ்ஞானிகள் பழங்காலத்து மலையின் உயரம், கடலின் எல்லை, காற்றிலுள்ள கரியமில வாயுவின் அளவு முதலியவற்றைக் கணிப்பொறியில் இட்டு அக்காலத்து மழையையும் வெப்பத்தையும் கணக்கிடுகிறார்கள். இதற்குக் காலநிலை மாதிரி என்று பெயர். ஆனால் கணக்கு சரிதானா என்று யாரிடம் கேட்பது? கல்லில் பதிந்த இலையிடம்தான்! வெப்ப நாட்டு மரங்களில் விளிம்பு வழவழப்பான இலைகள் மிகுதி. குளிர் நாட்டு மரங்களில் பல் போன்ற விளிம்புள்ள இலைகள் மிகுதி. கணக்கும் இலையும் ஒத்துப்போனால் மகிழ்கிறார்கள். ஒத்துப்போகாவிட்டால் இரண்டையும் மறுபடி ஆராய்கிறார்கள். கேம்பிரிட்ஜ் மாணவர் கற்ற பாடமும் இதுதானே!

தாவரப் புதைபடிவங்களுக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைக்க வேண்டும் என்பது சாஹ்னியின் கனவு. மனைவியார் சாவித்திரி அம்மையார் ஆராய்ச்சிப் பயணங்களில் உடன் சென்றவர். இருவருமாகத் தங்கள் சேமிப்பையும், நூல்களையும், புதைபடிவத் தொகுப்பையும் அந்நிலையத்துக்கே கொடுத்தார்கள். புதைபடிவங்களைப் பதித்து அடிக்கல்லைச் சாஹ்னியே உருவாக்கினார். 1949 ஏப்ரல் 3-ஆம் நாள் லக்னோவில் அதை நாட்டியவர் நேரு.

ஒரு வாரம் முடிவதற்குள், ஏப்ரல் 10-ஆம் நாள் நள்ளிரவு கடந்தபோது, மாரடைப்பினால் சாஹ்னி காலமானார். அப்போது அவருக்கு வயது 57. அடிக்கல் மட்டுமே இருந்தது, கட்டிடம் இல்லை.

துயரத்தில் மூழ்கியிருக்க வேண்டிய சாவித்திரி அம்மையார் அந்தப் பொறுப்பைத் தம் தோளில் ஏற்றார். கட்டிடம் எழுந்தது. அதைத் திறந்து வைக்க நேருவே மீண்டும் வந்தார். இன்றும் அந்நிலையம் பீர்பல் சாஹ்னியின் பெயரைத் தாங்கி லக்னோவில் நிற்கிறது.

அன்புத் தோழியரே! அடுத்த நவம்பர் 14-இல் மிட்டாய் சுவைக்கும்போது சாஹ்னியையும் ஒரு கணம் நினைப்போம். அவர் உருவாக்கிய அடிக்கல்லைக் கட்டிடமாக்கிய அம்மையாரையும் மறவாதிருப்போம். வழியில் கிடக்கும் கல்லை எற்றிவிட்டுப் போகுமுன் சற்றே குனிந்து பார்ப்போம். அதற்குள் ஓர் இலை இருக்கலாம். அந்த இலைக்குள் ஒரு மழைக்காலம் இருக்கலாம்.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி