உயிருள்ள மேனியை வடித்த சிற்பி

மனித உருவைச் சிற்பத்தில் உயிர்பெறச் செய்த பிரெஞ்சுக் கலைஞர் ஆகுஸ்ட் ரோடின், 1840ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் பாரிசு நகரில் பிறந்தார். தந்தையார் காவல்துறை அலுவலகத்தில் எழுத்தர். கிட்டப்பார்வையால் படிப்பில் பின்தங்கிய சிறுவர், பதினான்காம் வயதில் ஓவியப் பள்ளியொன்றில் சேர்ந்தார். கண்ட பொருளை நினைவில் நிறுத்தி வரையும் பயிற்சியை அங்கே பெற்றார்.

நாட்டின் தலைமைக் கலைக்கல்லூரியோ அவரை மும்முறை ஏற்க மறுத்தது. ஆதலின் கட்டட அலங்கார வேலைகளில் கூலிக்கு உழைத்தார். 1862இல் அன்புத் தமக்கை மரியா மறைந்தார். துயரம் தாளாது அவர் துறவு மடம் புகுந்தார். அம்மடத்தின் தலைவர் எய்மார் இளைஞரின் கைத்திறனை உணர்ந்து, சிற்பத்திற்கே திரும்புமாறு அறிவுறுத்தினார். அப்பெரியாரின் மார்பளவுச் சிலையை வடித்தபின் ரோடின் மடத்தை விட்டு வெளிவந்தார்.

அடுத்து, மூக்குடைந்த எளிய கூலியாள் ஒருவரின் முகத்தைக் களிமண்ணில் உருவாக்கினார். கடுங்குளிரில் மண் உறைந்து தலையின் பின்பகுதி உடைந்து வீழ்ந்தது. எஞ்சிய முகத்தையே கண்காட்சிக்கு அனுப்பினார். அதுவும் மறுக்கப்பட்டது.

பின்னர் பெல்சியத்தில் பணியாற்றுங்கால், இத்தாலி சென்று மைக்கேலாஞ்சலோவின் படைப்புகளைக் கண்டு தெளிந்தார். இளம் போர்வீரர் ஒருவரை முன்னிறுத்தி, ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு உழைத்து, 'வெண்கல யுகம்' என்னும் சிலையை வடித்தார். 1877இல் அதனைக் கண்டோர் வியந்தனர். வியப்பே பழியாகவும் மாறியது. உயிருள்ள உடலின்மீது அச்செடுத்து வார்த்தார் என்றனர். நேர்மையே ஐயத்திற்குள்ளானது கண்டு ரோடின் வருந்தினார். மாதிரியாக நின்ற வீரரின் ஒளிப்படங்களைச் சான்றாக அளித்தும் ஐயம் அகலவில்லை.

அவர் சொற்போரில் காலம் கழிக்கவில்லை. மனித அளவினும் பெரிதாக, நடக்கும் நிலையில் யோவான் முனிவரின் உருவைச் சமைத்தார். அத்தகைய பேருருவை எவ்வுடலிலிருந்து அச்செடுக்க இயலும்? சக சிற்பிகளும் அவர் திறனுக்குச் சான்று பகர்ந்தனர். 1880இல் அரசே 'வெண்கல யுக'த்தை விலைக்கு வாங்கியது. 'நரக வாயில்' என்னும் பெருங்கதவு அமைக்கும் பணியையும் அவ்வாண்டே அளித்தது. புகழ்பெற்ற 'சிந்தனையாளர்' உருவம் அதற்கெனப் பிறந்ததே.

மாதிரிகளைத் தம் கூடத்தில் விருப்பம்போல் நடமாட விட்டு, இயல்பான அசைவுகளை உற்று நோக்குவது அவர் வழக்கம். முதுமையில், சென்னை அருங்காட்சியகத்து நடராசர் வெண்கலத் திருமேனியின் ஒளிப்படங்களைக் கண்டு உருகி, 1913இல் அதனைப் போற்றிக் கட்டுரை எழுதினார்.

தம் படைப்புகளை நாட்டுக்கே வழங்கிய ரோடின், 1917 நவம்பர் 17ஆம் நாள் மறைந்தார். மறுத்தவர்க்கும் பழித்தவர்க்கும் அவர் செயலாலேயே விடையளித்தார். அவர் கல்லறையின்மேல் 'சிந்தனையாளர்' இன்றும் அமர்ந்திருக்கிறார்.