தச்சுப் பட்டறையில் ஒரு டாக்டர்

முனைவர் பட்டம் வாங்கியாச்சு, அடுத்து போஸ்ட்-டாக் இடம் எங்கே கிடைக்கும் என்று ஊர் ஊராக விண்ணப்பம் போடும் தம்பி, தங்கைகள் நம் கல்லூரிக் குடும்பத்தில் நிறையப் பேர். பதிலே வராமல் சோர்ந்து போகிறவர்களும் உண்டு. அவர்களுக்காக லிசே மைட்னர் அம்மையாரின் வாழ்க்கையை இம்மலரில் சொல்ல விரும்புகிறேன்.

1878-ல் வியன்னாவில் பிறந்தவர். அந்நாளில் அங்கே பெண்பிள்ளைகளுக்கு 14 வயதோடு பள்ளிப் படிப்பு சரி. தனியாகப் படித்துத் தேர்வு எழுதி, 1901-ல் பல்கலைக்கழகம் புகுந்தார். போல்ட்ஸ்மானிடம் இயற்பியல் பயின்றார். 1906-ல் டாக்டர் பட்டம் வந்தது. ஆராய்ச்சி செய்ய வேலை மட்டும் வரவில்லை. பாரிசில் மேரி க்யூரிக்கு எழுதிப் பார்த்தார். அங்கேயும் இடமில்லை.

1907-ல் அப்பா தரும் பணத்தை நம்பி பெர்லின் போனார். மாக்ஸ் பிளாங்க் தம் வகுப்பில் உட்கார அனுமதித்தார். கதிரியக்க ஆய்வுக்குத் துணை தேடிய வேதியியலாளர் ஓட்டோ ஹானுடன் கூட்டு அமைந்தது. ஆனால் ஹான் வேலை பார்த்த எமில் ஃபிஷரின் நிறுவனத்தில் பெண்களுக்கு அனுமதியில்லை! கடைசியில் கீழ்த்தளத்தில் இருந்த பழைய தச்சுப் பட்டறையை ஒதுக்கினார்கள். மாடி ஆய்வகங்களுக்குள் கால் வைக்கக் கூடாது. கழிப்பறைக்குக்கூட பக்கத்து உணவு விடுதிக்குத்தான் போகணும். சம்பளம்? ஒரு காசு கிடையாது. இருந்தும் ஹானோடு சேர்ந்து கட்டுரை மேல் கட்டுரையாக வெளியிட்டார்.

1912-ல் பிளாங்க் அவரைத் தம் உதவியாளராக நியமித்தார். மாணவர்களின் விடைத்தாள் திருத்தும் வேலை. பட்டம் வாங்கி ஆறு வருஷம் கழித்து முதல் சம்பளம்! அடுத்த ஆண்டு கைசர் வில்ஹெல்ம் வேதியியல் நிறுவனத்தில் ஊதியப் பதவி. 1914-ல் பிராகாவிலிருந்து அழைப்பு வந்ததும், விட்டுவிடக் கூடாதென்று சம்பளத்தை உயர்த்தினார்கள். 1926-ல் பேராசிரியர்.

இனி கவலையில்லை என்றிருந்தபோது ஹிட்லர் ஆட்சி வந்தது. யூதக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதால் 1933-ல் கற்பிக்கும் உரிமை போயிற்று. 1938-ல் டச்சு இயற்பியலாளர் டிர்க் காஸ்டர் பெர்லினுக்கே வந்து, ரயிலில் எல்லை தாண்டி அழைத்துப் போனார். 59 வயதில், கையில் 10 மார்க்கோடு மறுபடியும் இடம் தேடும் படலம்! ஸ்டாக்ஹோமில் இடம் கிடைத்தது. கருவிகளும் உதவியாளர்களும் கிடைக்கவில்லை. அந்த வருஷ முடிவில்தான், அக்கா மகன் ஃப்ரிஷ்ஷோடு சேர்ந்து, யுரேனிய அணுக்கரு இரண்டாகப் பிளக்கிறது என்று விளக்கிக் காட்டினார். 1944-க்கான வேதியியல் நோபல் பரிசு ஹானுக்கு மட்டுமே போனது.

1968-ல் கேம்பிரிட்ஜில் காலமானார். 109-வது தனிமத்துக்கு 1997-ல் மைட்னேரியம் எனப் பெயர் சூட்டினார்கள்.

அவருடைய திறமை எந்நாளும் அவரிடமே இருந்தது. ஆனாலும் ஒவ்வொரு கதவையும் உள்ளேயிருந்து ஒருவர் திறந்துவிட வேண்டியிருந்தது. நம்மில் பலர் இன்று உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் ஆய்வகங்களுக்கு உள்ளே இருக்கிறோம். ஜூனியர் யாராவது இடம் கேட்டு எழுதினால், இல்லை என்பதானாலும் இரண்டு வரி பதில் போடுவோமே!