மலையின் மடிப்பைப் படித்த பேராசான்

மட்டக்களப்புப் பகுதியில் கல் உடைக்கும் இடம் எதையாவது நின்று பார்த்திருப்பீர்கள். உடைந்த கல்லின் முகத்தில் கறுப்பும் வெள்ளையுமாக வரிகள் ஓடும். சில இடங்களில் அவை நேராக ஓடாமல் பாம்பு போல வளைந்து நெளிந்திருக்கும். சம்மட்டிக்கும் எளிதில் அசையாத கல்லை இப்படி வளைத்தது எது?

இத்தகைய கேள்வியோடு வாழ்நாள் முழுவதும் மலை ஏறி இறங்கிய ஒருவரை இன்று உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறோம். அவர் பெயர் தாராஷா நோஷெர்வான் வாடியா. நம் இலங்கையிலும் சில ஆண்டுகள் பணிபுரிந்தவர்.

வாடியா 1883ஆம் ஆண்டு ஒக்டோபர் 23ஆம் நாள் குஜராத்தின் சூரத் நகரில் ஒரு பார்சிக் குடும்பத்தில் பிறந்தார். பரோடாக் கல்லூரியில் கற்றுத் தேறி, 1907இல் காஷ்மீர் சமஸ்தானத்து ஜம்முவில் வேல்ஸ் இளவரசர் கல்லூரியிலே பேராசிரியரானார். கல்லூரி வாசலைத் தாண்டினால் இமயத்தின் அடிவாரக் குன்றுகள். விடுமுறை வந்தால் அக்குன்றுகளே அவருக்கு வகுப்பறை. இந்தியாவின் புவிச்சரிதவியலைப் பற்றி 1919இல் அவர் வெளியிட்ட நூல் பல பதிப்புகள் கண்டது. மாணவர் பல தலைமுறையினர் அதைப் படித்தே இத்துறைக்கு வந்தனர்.

1921இல், 38ஆம் வயதில், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். வெள்ளையர் ஆட்சியில் அத்தகைய பதவிகள் பெரும்பாலும் வெள்ளையருக்கே உரியனவாயிருந்தன. அதையும் மீறி உள்ளே நுழைந்தவர் பனிமலைகளில் கால்நடையாகவே திரிந்து பாறைகளைப் படமாக வரைந்தார். 8,126 மீற்றர் உயரமான நங்க பர்பத் மலைப் பகுதியும் அவர் ஆய்வுக்குள் வந்தது.

அவர் கண்டது என்ன? இமயமலைத் தொடர் தென்கிழக்கிலிருந்து வடமேற்காக ஓடி வந்து, காஷ்மீரின் எல்லையில் திடீரென மடங்கித் தெற்கே திரும்புகிறது. மடக்கிய முழங்கையைப் போன்றது அந்த வளைவு. தெற்கேயுள்ள பழைய கடினமான நிலத்தின் ஒரு முனை ஆப்புப் போல வடக்கே துருத்தி நிற்பதால், அதன் மேல் வந்து நெருக்கிய பாறை அடுக்குகள் அதைச் சுற்றி மடிந்துவிட்டன என்று 1931இல் அவர் விளக்கினார். உலக அறிஞர் கவனத்தை அவர் பால் ஈர்த்தது இந்த ஆய்வே.

கல் மடிவது எப்படி என்று கேட்கிறீர்களா? நிலத்தில் விரித்த பன்பாயை ஒரு முனையிலிருந்து தள்ளிப் பாருங்கள். நடுவே மேடும் பள்ளமுமாக எழும். ஆழத்தில் வெப்பம் மிகுந்த பாறையும் இலட்சக்கணக்கான ஆண்டுகள் மெல்ல மெல்ல நெருக்கப்படும்போது இப்படியே மடிகிறது. மேற்பரப்பை அண்டிய பாறையோ குளிர்ந்து விறைத்தது. அது காய்ந்த சுள்ளி போன்றது. ஓரளவு தாங்கும், பிறகு முறியும். முறிந்த இரு பக்கமும் ஒன்றையொன்று உராய்ந்து இடம் பெயரும். அதையே பிளவுப் பெயர்ச்சி என்கிறோம். அப்பெயர்ச்சி திடீரென நிகழ்ந்தால் பூமி அதிர்கிறது. நம் பகுதிப் பாறை வரிகளின் வளைவுகளும் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் நேர்ந்த நெருக்கலின் தழும்புகளே.

இந்தியப் பதவியிலிருந்து ஓய்வு பெற்ற வாடியா 1938இல் இலங்கை அரசின் கனிப்பொருளியலாளராகக் கொழும்புக்கு வந்தார். 1944 வரை இங்கே உழைத்தார். கரையோரச் சமவெளி, அதற்கு மேல் ஒரு மேட்டு நிலம், அதற்கும் மேலே நுவரெலியா போன்ற சுமார் 1,800 மீற்றர் உயர நிலம் என நம் தீவு மூன்று படிகளாக அமைந்திருப்பதை ஆராய்ந்தார். நிலம் பிளவுகளின் வழியே துண்டு துண்டாக உயர்ந்ததால் இப்படிகள் தோன்றின என்றார். பின்வந்தோர் பலர் இதை முழுதும் ஏற்கவில்லை. மழையும் ஆறும் அரித்ததன் பங்கே பெரிது என்றனர். ஆயினும் நம் மலைகளைப் பற்றிய ஆராய்ச்சிக்கு அவர் கேள்வி நல்ல தூண்டுகோலாயிற்று.

பிற்காலத்தில் பெருமைகள் அவரைத் தேடி வந்தன. 1957இல் இலண்டன் றோயல் சங்கம் அவரை உறுப்பினராக்கியது. 1958இல் பத்மபூஷண் விருது கிடைத்தது. இமயத்தை ஆராய அவர் அமைக்கப் பாடுபட்ட நிறுவனம் இன்று டேராடூன் நகரில் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. 1969 ஜூன் 15ஆம் நாள் அவர் காலமானார்.

வாசகரே, இது வெறும் கல்லைப் பற்றிய கதை என்று எண்ணிவிடாதீர்கள். இந்திய நிலத்தட்டு இன்றும் ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றர் வீதம் வடக்கே நகர்ந்து ஆசியாவை முட்டுகிறது. வாடியா விளக்கிய அதே முழங்கை வளைவில், 2005 ஒக்டோபர் 8ஆம் நாள் பாறை முறிந்து, 70,000 பேருக்கு மேல் மாண்டனர். அதற்கு முந்திய ஆண்டு, கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள், நம் வாசலிலேயே சாவு வந்ததை நாம் மறப்போமா? சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் ஏறத்தாழ 1,300 கிலோமீற்றர் நீளத்துக்குப் பாறை வழுக்கியது. பனிச்சங்கேணி, வாகரைக் கரைகளை அலை வந்தடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் எடுத்தது. அந்த இரண்டு மணி நேரமும் எவரும் நம்மை எச்சரிக்கவில்லை.

பூமியின் நெருக்கத்தை மனிதனால் நிறுத்த இயலாது. அதன் குறிகளை அறிந்துகொள்ள இயலும். கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினால் மீன் பொறுக்க ஓடாமல் மேட்டு நிலத்துக்கு ஓட வேண்டும் என்பதை உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். எச்சரிக்கை அறிவிப்பு வந்தால், அலை தெரியவில்லையே என்று காத்திராதீர்கள். முதல் அலை வடிந்ததும் திரும்பி வராதீர்கள். அடுத்து வருவது அதைவிடப் பெரிதாகவும் இருக்கலாம். வாடியா போன்றோர் மலை மலையாக நடந்து தேடிய அறிவு நம் வீட்டு முற்றத்தில் ஓர் உயிரையாவது காத்தால், அவர்கள் பட்ட பாடு வீண் போகவில்லை.