உயிர்காக்கும் கல்வி தந்த சாரணத் தந்தை

கல்வி என்பது ஏட்டில் கற்றுத் தேர்வில் ஒப்புவிப்பதோடு நிறைவு பெறுவதன்று. கற்றது வேண்டும் வேளையில் கைக்கு வருமாயின் அதுவே கல்வியாகும். முதலுதவியும் நல்வாழ்வு நெறியும் பள்ளிப் பாடநூல்களில் இடம்பெற்றுப் பல்லாண்டுகள் ஆயின. எனினும், எலும்பு முறிவின் வகைகளைப் பிழையற எழுதி முழு மதிப்பெண் பெற்ற மாணவன், விளையாட்டுத் திடலில் தன் தோழன் கையொடிந்து கிடக்கையில் செய்வதறியாது நிற்பதை நாம் காண்கிறோம். அறிவுக்கும் செயலுக்கும் இடையே உள்ள இந்த இடைவெளியை 1908ஆம் ஆண்டிலேயே உணர்ந்து, அதனை நிரப்ப ஒரு வழியும் கண்டவர் பேடன் பவல் பிரபு ஆவார். சாரண இயக்கத்தின் தந்தை என உலகம் அறிந்த அப்பெருமகனாரின் வாழ்வை, அவர்தம் நிறைகளோடும் குறைகளோடும், மாணவமணிகள் அறிதல் நலம் பயக்கும்.

இளமையும் கல்வியும்

இராபர்ட் பேடன் பவல் 1857ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார். தந்தையார் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் வடிவக்கணிதப் பேராசிரியராகவும் சமயகுருவாகவும் விளங்கியவர். மகனுக்கு மூன்று வயது நிரம்பியிருந்தபோது, 1860இல் அவர் மறைந்தார். குடும்பப் பொறுப்பு முழுவதையும் தாயார் ஹென்ரியட்டா கிரேஸ் ஏற்றார். பிள்ளைகளை இயற்கையோடு பழகவிட்டும், தம் காரியங்களைத் தாமே செய்யப் பழக்கியும் வளர்த்தார் அந்த அம்மையார்.

சார்ட்டர்ஹவுஸ் பள்ளியில் பயின்ற நாளில் இராபர்ட் வகுப்பில் முதன்மை பெற்ற மாணவரல்லர். பள்ளியை அடுத்திருந்த காட்டுக்குள் ஆசிரியர் கண்ணில் படாமல் நுழைந்து, விலங்குகளின் சுவடு தேர்வதும், புகை எழாமல் அடுப்பு மூட்டிச் சமைப்பதும் அவருக்கு விருப்பமான பாடங்களாயின. ஆக்ஸ்போர்டில் இடம் கிடைக்கவில்லை. 1876இல் படைத்துறைத் தேர்வெழுதிச் சிறப்பான இடம் பெற்று, 13ஆம் குதிரைப்படையில் அலுவலராகச் சேர்ந்து, இந்தியாவில் இலக்னோ நகர் வந்து சேர்ந்தார். பின்னாளில் சிறுவர்க்கு அவர் கற்பித்தவற்றுள் பல, பள்ளிக் காட்டிலும் படைவாழ்விலும் அவர் தாமே கற்றவையாகும்.

முற்றுகையில் கண்ட உண்மை

1899ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவில் போயர் போர் மூண்டது. மாபிகெங் என்னும் சிறு நகரைக் காக்கும் பொறுப்பு பேடன் பவலிடம் இருந்தது. அவ்வாண்டு அக்டோபர் 13ஆம் நாள் தொடங்கிய முற்றுகை, 1900ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் வரை 217 நாள்கள் நீடித்தது. போரிடத்தக்க ஆடவர் குறைவாக இருந்தமையால், நகரத்துச் சிறுவர்களைக் கொண்டு ஒரு துணைப்படை அமைக்கப்பெற்றது. செய்தி கொண்டு செல்லுதல், மருத்துவமனையில் உதவுதல், காவல் பணியில் துணைநிற்றல் ஆகியவற்றை அச்சிறுவர்கள் ஏற்றனர். குண்டுகள் விழும் தெருக்களிலும் அவர்கள் கடமை தவறவில்லை.

பொறுப்பை நம்பி ஒப்படைத்தால் சிறுவரும் பெரியவரைப் போலவே அதனை நிறைவேற்றுவர் என்பதே பேடன் பவல் அங்குக் கண்ட உண்மை. சாரண இயக்கத்தின் வித்து இதுவே எனலாம்.

அந்த முற்றுகை அவரை இங்கிலாந்தின் வீரத்திருமகனாக ஆக்கியது. ஆயினும், உணவுப் பங்கீட்டில் வெள்ளையர்க்கும் ஆப்பிரிக்க மக்களுக்கும் இடையே நிலவிய வேறுபாட்டையும், ஆப்பிரிக்கர் பட்டினியால் மடிந்ததையும் பிற்கால வரலாற்றாசிரியர்கள் சுட்டிக் காட்டியுள்ளனர். அவர் ஒரு பேரரசின் படைத்தலைவர். அப்பேரரசின் கண்கொண்டே பலவற்றைக் கண்டார். இதனை மறைத்து அவர் வரலாற்றை எழுதுதல் நேர்மையாகாது.

நலிந்த உடல்கள்

போயர் போர் இங்கிலாந்துக்கு மற்றோர் அதிர்ச்சியையும் தந்தது. படையில் சேர வந்த தொழில் நகரத்து இளைஞர்களுள் மிகப்பலர் உடல் தகுதியின்மையால் திருப்பி அனுப்பப்பெற்றனர். சொத்தைப் பற்களும், நலிந்த மார்பும், வளைந்த கால்களும் ஊட்டக் குறைவுக்குச் சான்று பகர்ந்தன. உடல்நலச் சீர்கேடு பற்றி ஆராய அரசு அமைத்த குழு 1904இல் அறிக்கை தந்தது. தொடர்ந்து, 1906இல் பள்ளிச் சிறாருக்கு உணவளிக்கவும், 1907இல் பள்ளிகளில் மருத்துவச் சோதனை நடத்தவும் சட்டங்கள் வந்தன.

முதலுதவிப் பயிற்சியும் அந்நாட்டிற்குப் புதிதன்று. செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் சங்கம் 1877இல் தோன்றி, தொழிலாளர்க்கும் காவலர்க்கும் வகுப்புகள் நடத்தி வந்தது. ஆயினும், அது பெரும்பாலும் வளர்ந்தோர் கல்வியாகவே இருந்தது. பள்ளிச் சிறுவன் பிறரால் காக்கப்பட வேண்டியவன் என்றே எண்ணப்பட்டான். அவனும் பிறரைக் காக்க வல்லவன் என்ற எண்ணத்தைப் பரவச் செய்ததே பேடன் பவல் ஆற்றிய தொண்டு.

தீவில் நடந்த முகாம்

படைவீரர்க்கென அவர் எழுதிய வேவு பார்த்தல் பற்றிய சிறுநூல் 1899இல் வெளிவந்தது. நாடு திரும்பிய அவர், பள்ளி ஆசிரியர்களும் இளைஞர் கழகத்தினரும் அந்நூலைச் சிறுவர்க்குப் பயிற்றுவதைக் கண்டு வியந்தார். பாய்ஸ் பிரிகேட் என்னும் சிறுவர் அமைப்பை 1883இல் கிளாஸ்கோவில் நிறுவிய வில்லியம் ஸ்மித் என்பார், அந்நூலைச் சிறுவர்க்கு ஏற்றவாறு திருத்தி எழுதுமாறு வேண்டினார்.

எழுதுவதற்கு முன்னர்ச் செய்து பார்க்க எண்ணினார் பேடன் பவல். 1907ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பிரவுன்சீ என்னும் சிறு தீவில், ஏறத்தாழ இருபது சிறுவர்களுடன் முகாம் அமைத்தார். செல்வர் பிள்ளைகளும் உழைப்பாளர் பிள்ளைகளும் ஒரே கூடாரத்தில் தங்கி, ஒரே உணவை உண்டனர். அவர்கள் நான்கு அணிகளாகப் பிரிக்கப்பெற்றனர். ஒவ்வோர் அணிக்கும் ஒரு சிறுவனே தலைவன். நாளுக்கு ஒரு பொருள் என வகுக்கப்பெற்ற அம்முகாமில் ஒரு நாள் முழுவதும் உயிர்காத்தலுக்கென ஒதுக்கப்பெற்றது. தீ, வெள்ளம், தெரு விபத்து ஆகியவற்றில் சிக்கியோரை மீட்கும் முறைகளைச் சிறுவர்கள் செய்து பழகினர்.

1908ஆம் ஆண்டு சனவரி முதல் ஆறு பகுதிகளாக, 'ஸ்கவுட்டிங் ஃபார் பாய்ஸ்' என்னும் நூல் வெளிவந்தது. நூலைப் படித்த சிறுவர்கள் பெரியவர் அழைப்புக்குக் காத்திராமல் தாமே அணிகளாகத் திரண்டனர். 1909இல் இலண்டன் கிரிஸ்டல் பேலசில் நடந்த சாரணர் பேரணிக்குச் சிறுமியரும் வந்து தமக்கும் இடம் கேட்டனர். அதன் பயனாக 1910இல் தம் தங்கையார் ஆக்னஸ் அம்மையாரின் துணையோடு சாரணியர் இயக்கத்தைத் தொடங்கினார் பேடன் பவல்.

உடலைப் பேணுதல் எதற்காக?

அந்நூலில் உடல்நலம் பற்றிய பகுதியும் உயிர்காத்தல் பற்றிய பகுதியும் தனித்தனியே அமைந்திருப்பினும், இரண்டும் ஒரே கருத்தால் பிணைக்கப்பெற்றவை. உடலைப் பேணுவது அழகுக்காக அன்று, தற்பெருமைக்காகவும் அன்று. பிறர்க்கு உதவும் தகுதியை இழவாதிருப்பதற்காகவே என்பது அவர் கொள்கை. வாயால் மூச்சு விடாது மூக்கால் விடுதல், பற்களைத் தூய்மையாக வைத்தல், நாள்தோறும் உடற்பயிற்சி செய்தல், புகைபிடித்தலையும் மதுவையும் விலக்கல் ஆகியவற்றை அவர் வற்புறுத்தினார்.

காட்டில் பல்துலக்கி கிடைக்காத சாரணன், குச்சியொன்றின் நுனியை நைத்துத் தூரிகை போலாக்கிப் பல் துலக்கலாம் என்றும் எழுதினார். வேப்பங்குச்சியும் ஆலங்குச்சியும் பயன்படுத்திய தமிழர்க்கும், மிஸ்வாக் குச்சியை நபிவழியாகப் போற்றும் இசுலாமியர்க்கும் இது புதுமையன்று. தூய்மையை இறைநம்பிக்கையின் ஒரு கூறாகவே கொண்ட சமுதாயம் நம்முடையது. ஆதலின் அவர் கூறியவை நமக்கு அயலான நெறிகள் அல்ல.

கரையில் நின்றவர்கள்

இலண்டனை அடுத்த ஹாம்ஸ்டெட் என்னுமிடத்தில் ஆழமற்ற குளமொன்றில் ஒரு பெண் மூழ்கி இறந்தாள். கரையில் ஆடவர் பலர் நின்று கூச்சலிட்டனரே அன்றி, ஒருவரும் நீரில் இறங்கவில்லை. இந்நிகழ்ச்சியைத் தம் நூலில் எடுத்துக்காட்டி வருந்தினார் பேடன் பவல். அந்த ஆடவர்கள் கொடியவர்கள் அல்லர். என்ன செய்வதென முன்னரே எண்ணிப் பழகாதவர்கள். அதனால் அச்சம் அவர்களை ஆட்கொண்டது. எதற்கும் ஆயத்தமாக இருத்தல் என்பதைச் சாரணரின் குறிக்கோளாக அவர் அமைத்ததன் பொருள் இங்கே விளங்கும். விபத்து நேர்ந்த பின் சிந்திக்க நேரமில்லை. சிந்தனை முன்னரே நடந்து, கை பழகியிருத்தல் வேண்டும்.

எனவே, முதலுதவியைச் சொற்பொழிவாக அவர் வைக்கவில்லை. சாரணன் அடுத்த படிக்கு உயர வேண்டுமாயின், முதலுதவியும் கட்டுப்போடுதலும் செய்து காட்டித் தேறுதல் வேண்டும். கழுத்தில் அணியும் துண்டு, முக்கோணக் கட்டாகவும் கைத்தொட்டிலாகவும் பயன்படும். கைக்கோல்கள் இரண்டும் மேற்சட்டைகள் சிலவும் கிடைத்தால் தூக்குப்படுக்கை ஆயத்தம். அணிந்துள்ள உடையே மருத்துவப் பெட்டியாக அமைந்த நேர்த்தி எண்ணி மகிழத்தக்கது. இவற்றோடு நாளுக்கு ஒரு நற்செயலேனும் செய்தல் வேண்டும் என்ற நெறியும் சேர்ந்தது. சிறு உதவிகளில் பழகிய கை, பேரிடரில் தயங்காது என்பதே அதன் உட்பொருள்.

நம் நாட்டில் சாரணம்

இந்திய மண்ணில் 1909இல் சாரணர் குழு தோன்றியது. ஆனால், ஐரோப்பியச் சிறுவர்க்கும் ஆங்கிலோ இந்தியச் சிறுவர்க்குமே அதில் இடமிருந்தது. இந்தியச் சிறுவர்கள் அப்பயிற்சி பெற்றால் விடுதலை வேட்கை வளரும் என ஆட்சியாளர் அஞ்சினர். எல்லார்க்கும் உடன்பிறப்பாக இருத்தலைச் சாரணர் நெறியாக வகுத்த இயக்கம், நம் பிள்ளைகளை வாயிலில் நிறுத்தியது பெரும் முரண்பாடே.

இந்தியர் வாளாவிருக்கவில்லை. முதல் உலகப்போர்க் காலத்தில் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையார் இந்தியச் சிறுவர்க்கெனத் தனிச் சாரணர் சங்கம் கண்டார். வடக்கே மதன்மோகன் மாளவியா, இருதயநாத் குன்ஸ்ரு, ஸ்ரீராம் வாஜ்பாய் ஆகியோர் சேவா சமிதி சாரணர் சங்கத்தை வளர்த்தனர். 1921இல் பேடன் பவல் இந்தியா வந்தபோது, பெசன்ட் அம்மையாரின் சங்கம் பொது இயக்கத்தோடு இணைந்தது. சேவா சமிதி தனித்தே நின்றது. 1937ஆம் ஆண்டு வருகையை ஒட்டி இந்தியர் பண்பு பற்றி அவர் தெரிவித்த கருத்தொன்று பலர் மனத்தைப் புண்படுத்தியது. அதன் பின் இந்துஸ்தான் சாரணர் சங்கம் உருவாயிற்று.

விடுதலைக்குப் பின்னரே இப்பிரிவுகள் நீங்கின. முதல் கல்வி அமைச்சராக விளங்கிய மௌலானா அபுல் கலாம் ஆசாத் உள்ளிட்ட பெரியோர்களின் முயற்சியால், 1950ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் பாரத சாரணர் அமைப்பு உருவாகியது. அடுத்த ஆண்டில் சாரணியரும் அதில் இணைந்தனர். அயலவர் ஒருவர் தொடங்கிய பணியை, அதன் குறையை நீக்கி, எல்லாச் சமயத்துப் பிள்ளைகளுக்கும் உரியதாக்கிய பெருமை நம் தலைவர்களைச் சாரும்.

இறுதி நாள்களும் நமக்குரிய கடமையும்

1910இல் படைப்பணியினின்று ஓய்வு பெற்ற பேடன் பவல், எஞ்சிய வாழ்வைச் சாரணத்திற்கே அளித்தார். 1912இல் ஒலேவ் அம்மையாரை மணந்தார். 1920இல் இலண்டனில் நடந்த முதல் உலகச் சாரணர் பெருந்திரளில் உலகத் தலைமைச் சாரணராக அறிவிக்கப்பெற்றார். 1929இல் பிரபுப் பட்டம் பெற்றார். இறுதி நாள்களைக் கென்யா நாட்டு நியேரியில் கழித்து, 1941ஆம் ஆண்டு சனவரி 8ஆம் நாள் மறைந்தார். வட்டமும் நடுவே ஒரு புள்ளியும் அவர் கல்லறையில் பொறிக்கப்பெற்றுள்ளன. இல்லம் திரும்பினேன் என்பது சாரணர் சுவட்டு மொழியில் அதன் பொருள்.

அக்கால முதலுதவி முறைகள் பல இன்று மாறிவிட்டன. பாம்பு கடித்த இடத்தைக் கீறி உறிஞ்சுதலும் இறுகக் கட்டுதலும் தீங்கெனக் கைவிடப்பட்டன. பழைய செயற்கைச் சுவாச முறைகள் போய், மூச்சும் நாடியும் நின்றவர்க்கு மார்பின் நடுவே அழுத்தும் முறை வந்துள்ளது. முறைகள் இனியும் மாறலாம். ஆனால், மருத்துவர் வரும் வரை உள்ள சில நிமிடங்கள் அருகில் நிற்பவருக்கே உரியவை என்பது மாறாது.

ஓர் உயிரை வாழவைத்தலின் மாண்பினைத் திருமறை எத்துணை உயர்வாகப் போற்றுகிறது என்பதை நாம் அறிவோம். அறிந்ததோடு நின்றுவிடின், ஹாம்ஸ்டெட் குளக்கரையில் நின்றவர்களுக்கும் நமக்கும் வேறுபாடில்லை. ஆசிரியப் பெருமக்கள் முதலுதவிப் பாடத்தைக் கரும்பலகையிலிருந்து திடலுக்குக் கொண்டு செல்லல் வேண்டும். கட்டுத்துணியை மாணவர் கையில் கொடுத்துச் செய்யச் சொல்லல் வேண்டும். சமுதாயப் பெரியோர் அதற்குத் துணைநிற்றல் வேண்டும். மாணவமணிகளே, உங்கள் உடலை நலத்தோடு பேணுங்கள். உங்கள் கைகளைப் பழக்குங்கள். அக்கைகளுக்காக எங்கோ ஓர் உயிர் ஒருநாள் காத்திருக்கக் கூடும்.