சத்திமுற்றப் புலவரும் செங்கால் நாரையும்

குடந்தைக்கு அண்மையில், பட்டீச்சரத்தை ஒட்டி அமைந்த சிற்றூர் சத்திமுற்றம். திருநாவுக்கரசரின் பாடல் பெற்ற தலம் அது. அவ்வூரில் தோன்றிய புலவர் ஒருவரின் இயற்பெயர் காலப்போக்கில் மறைந்து, ஊரின் பெயரே அவர் பெயராக நிலைத்துவிட்டது. அவரிடம் தமிழ்ப் புலமை நிறைந்திருந்தது. வீட்டில் அடுப்பெரிய வழியில்லை. வறுமை வாட்டவே, மனைவியை ஊரில் விட்டுப் பரிசில் வேண்டி, பாண்டியன் மாறன் வழுதி ஆண்ட மதுரைக்குச் சென்றார். நேர்க்கோட்டில் அளந்தாலே அது ஏறத்தாழ 175 கிலோமீட்டர் தொலைவு.

அவர் மதுரையில் இருந்தது வாடை வீசும் பருவம். வடகிழக்குப் பருவமழையால் மதுரைச் சமவெளியின் கண்மாய்கள் அப்பருவத்தில் நிரம்பியிருக்கும். ஒரு கண்மாய் நிறைந்ததும் அதன் மறுகால் நீர் அடுத்த கண்மாய்க்குப் பாயும். அந்நீரைப் பறவைகள் தத்தம் உடலமைப்புக்கு ஏற்பப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஆழமான பகுதியில் முக்குளிப்பானும் நீர்க்காகமும் மூழ்கி இரை தேடும். மிதக்கும் இலைகளின்மீது இலைக்கோழி தன் நீண்ட விரல்களைப் பரப்பி நடக்கும். ஆழமற்ற நீரில் மஞ்சள் மூக்கு நாரை, அலகைச் சற்றே திறந்தபடி மீனுக்காகத் துழாவும். சேற்று விளிம்பு உள்ளான்களுக்கு உரியது. நத்தைகுத்தி நாரை நெல்வயலில் நத்தை பொறுக்கும். செங்கால் நாரையோ கரையோரப் புல்வெளியிலும் ஈரம் காயாத வயலிலும் நடந்து, தவளையையும் வெட்டுக்கிளியையும் கொத்தித் தின்னும். ஐரோப்பாவிலும் நடு ஆசியாவிலும் கூடு கட்டும் அப்பறவை, குளிர்கால விருந்தாளியாகவே இங்கு வருகிறது. ஆகவே, இந்நாட்டு நீர்நிலைகளில் அது நாடுவன பகலில் இரையும் இரவில் தங்க இடமுமே.

பறவைகளுக்கு வளமான அதே பருவம் புலவருக்குக் கொடியதாயிற்று. அரசனைக் காண அவருக்கு வாய்ப்புக் கிட்டவில்லை. போர்த்திக்கொள்ள ஆடையும் இல்லை. குட்டிச்சுவர் ஒன்றின் ஓரத்தில் ஒடுங்கிக் கிடந்தவரின் கண்ணில் செங்கால் நாரை ஒன்று பட்டது. அதனையே தூதாக அழைத்துப் பாடினார். தென்குமரியில் நீராடிவிட்டுத் துணையோடு வடக்கே திரும்பும்போது, தம் ஊர்க் குளத்தில் தங்குமாறு வேண்டினார். மழையில் நனைந்த சுவரையுடைய தம் வீட்டில், பல்லி சொல்லும் நற்குறியை எதிர்நோக்கி மனைவி காத்திருப்பதைக் கூறினார். மதுரையில் ஆடையின்றி, பெட்டியில் அடைபட்ட பாம்பைப்போலச் சுருண்டு மூச்சுவிடும் ஏழை ஒருவனைக் கண்டதாக அவளிடம் தெரிவிக்கும்படி நாரையை இரந்தார்.

தனிப்பாடல் திரட்டில் இடம்பெற்றுள்ள அப்பாடலின் துயரத்தையே பலரும் எடுத்துரைப்பர். அதிலுள்ள கூர்ந்த நோக்கும் போற்றத்தக்கது. நாரையின் அலகுக்குப் பவள நிறத்தைச் சொல்லி, பிளந்த பனங்கிழங்கை உவமையாக்கினார் புலவர். மஞ்சள் மூக்கு நாரைக்கு இந்நிறம் பொருந்தாது. நடுவே இடைவெளி விட்ட அலகுடைய நத்தைகுத்திக்கு இவ்வடிவம் பொருந்தாது. பனங்கிழங்கு தோண்டப்படுவதும் மார்கழி, தை மாதங்களில்தான்! வலசையின் போக்கும் பாடலில் பிழையின்றி அமைந்துள்ளது. செங்கால் நாரை, வெயிலில் சூடேறி மேலெழும் காற்றில் சிறகை விரித்து மிதந்தே நெடுந்தொலைவு செல்லும். பொழுது சாய்ந்தால் இறங்கியாக வேண்டும். எனவே, வழியில் உள்ள குளத்தில் அதனைத் தங்கச் சொன்னது கற்பனை மட்டுமன்று. காவிரிக் கரையில் குளத்தையும் வயலையும் பார்த்து வளர்ந்தவருக்கு அப்பழக்கம் தெரியாமல் இருந்திருக்காது.

அன்றிரவு மாறுவேடத்தில் நகர்வலம் வந்த பாண்டியன் அப்பாடலைக் கேட்டான் என்பது செவிவழிச் செய்தி. நாரையின் அலகுக்குத் தக்க உவமை கிடைக்காமல் அவன் நெடுநாள் தேடிக்கொண்டிருந்தானாம். குளிரில் நடுங்கிய புலவரின் வறுமையைக் காட்டிலும் அந்த அலகே அவனை முதலில் நிற்கவைத்தது போலும்! அவன் தன் மேலாடையை எடுத்துப் புலவர்மீது எறிந்துவிட்டு அகன்றான். பின்னர்க் காவலரை அனுப்பி, அந்த ஆடையைப் போர்த்திருந்தவரை அவைக்கு அழைத்துவரச் செய்து, பொருள் வழங்கிச் சிறப்பித்தான்.